அரியதெல்லாம் அருமையானதா?



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டென்பதைக் கரடியூர்வாசிகளாகிய உங்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. அப்பாதையில் ஏறப் பெரிதும் திணறக்கூடிய ஒரு மோட்டார் வண்டியைப் பற்றி இன்று சற்றுச் சிந்திப்போம்.

அதன் பெயர் பீல் பி50. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவில் 1962 முதல் 1965 வரை செய்யப்பட்டது. நீளம் 137 சென்டிமீட்டர், அகலம் 99. சக்கரங்கள் மூன்று, கதவு ஒன்று, ஆசனமும் ஒன்றே. இயந்திரம் 49 சி.சி. பின்னோக்கிச் செல்லக் கியர் கிடையாது. இறங்கி, பின்புறக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துத்தான் திருப்ப வேண்டும். விலை 199 பவுன்.

யுத்தத்துக்குப் பின் ஐரோப்பாவில் எளியவர்களுக்காக இத்தகைய குட்டி வண்டிகள் பல தோன்றின. 1956-ல் சூயஸ் நெருக்கடியால் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது அவற்றுக்கு மவுசு கூடிற்று. 1959-ல் நால்வர் அமரக்கூடிய மினி கார் வந்ததும், மெல்ல மெல்ல அவை ஏளனத்துக்குரியவையாயின. நம் நாட்டிலும் 1970-களில் பெங்களூரில் ‘பாதல்’ என்னும் மூன்று சக்கர வண்டி பிறந்து, சில ஆண்டுகளில் மறைந்தது. பாதல் என்றால் இந்தியில் மேகம். பெயருக்கேற்பக் கலைந்தும் போயிற்று.

ஆனால் பாருங்கள்! ஏறக்குறைய 50 மட்டுமே செய்யப்பட்ட பீல் வண்டிகளுள் ஒன்று, 2016-ல் அமெரிக்க ஏலமொன்றில் 1,76,000 டாலருக்கு விலைபோயிற்று. அன்றைய கணக்கில் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல்! வண்டி மாறவில்லை. அதே மூன்று சக்கரம், அதே ஒற்றைக் கதவு. மாறியது ஒன்றே: இப்போது அது வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

அப்படியானால் ஒரு பொருளின் மதிப்பு அதனிடத்தில் இருக்கிறதா, அல்லது அது பிறரிடம் இல்லாதிருப்பதில் இருக்கிறதா?

சேகரிப்போரை நாம் அவசரப்பட்டுப் பழிக்க வேண்டாம். அவர்கள் இல்லாவிடில் இவ்வண்டிகள் யாவும் இரும்புக்கடைக்கும் குப்பைமேட்டுக்கும் போயிருக்கும். செய்த கைகளின் சாமர்த்தியமும், ஏழைக்கும் ஒரு வண்டி வேண்டுமென்ற எண்ணமும் கூடவே மறைந்திருக்கும். கோயமுத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயரால் விளங்கும் ஜீடீ கார் அருங்காட்சியகத்தில், பழைய வண்டிகளைப் பள்ளிப் பிள்ளைகளும் கண்டு களிக்கலாம். அத்தகைய சேகரிப்பு ஊருக்குச் செய்யும் உபகாரமே.

ஆயினும் ஒரு சிறு சோதனை உண்டு. பழைய கொட்டகை ஒன்றில் இதேபோன்ற ஆயிரம் வண்டிகள் நாளை அகப்பட்டதாக வைத்துக்கொள்வோம். அதைக் கேட்டதும், “அடடா, இன்னும் ஆயிரம் பேர் பார்த்து மகிழ்வார்களே” என்று ஒருவர் சந்தோஷப்பட்டால், அவர் வண்டியை நேசிக்கிறார். “என் வண்டியின் விலை போயிற்றே” என்று முகம் வாடினால், அவர் நேசித்தது வண்டியை அன்று; பிறருக்கு இல்லாததைத் தாம் வைத்திருக்கும் பெருமையையே.

இச்சோதனை கோடீசுவரருக்கு மட்டுமா? நம் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்குகையில் நாம் மகிழ்வது அவன் கற்றதற்காகவா, அடுத்த வீட்டுப் பிள்ளை வாங்காததற்காகவா? நம் தோட்டத்துக் காப்பி நன்றாய்க் காய்த்தது போதுமா, அல்லது பக்கத்துத் தோட்டம் காயாதிருக்கவும் வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. பீல் வண்டி மலிவாய்க் கிடைத்த நாளில் அதைப் பேணியவர் சிலரே. நம் வீட்டுத் திண்ணையிலும் ஒரு பாட்டி தினந்தோறும் உட்கார்ந்திருக்கிறாள். சொன்ன கதையையே திரும்பச் சொல்கிறாள். தினமும் கிடைப்பதால் அதை நாம் காதில் வாங்குவதில்லை. ஒருநாள் அந்தத் திண்ணை வெறுமையாகும். அப்போது எந்த ஏலத்திலும் எவ்வளவு கொடுத்தும் அக்குரலை வாங்க முடியாது.

அரியதாகிவிட்ட பிறகு மதிப்பதற்குப் பணம் இருந்தால் போதும். அருகில் இருக்கும்போதே மதிப்பதற்கு நல்ல மனம் வேண்டும். இன்று மாலை வீடு திரும்பியதும் பாட்டியின் அருகே சற்று உட்கார்ந்து, அந்தப் பழைய கதையை இன்னொரு முறை கேளுங்கள்.