சேர்த்து வைத்தலும் பற்றி நிற்றலும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. நிலம், பொன், தானியம் ஆகியவற்றுக்கு எல்லை வகுத்துக்கொள்ளும் நாம், பழைய இதழ்களை அவ்வெல்லைக்குள் எண்ணுவதில்லை. காகிதந்தானே என்று விட்டுவிடுகிறோம்.

ஆரணியில் நம் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி நிறைய ஆனந்த விகடன், கல்கி இதழ்கள் உள்ளன. மாலி, கோபுலு, மணியம் ஆகியோரின் ஓவியங்களுக்காகவே அவற்றைச் சேர்த்தோம். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' கல்கியில் தொடராக வந்தபோது, வீடுதோறும் கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து வைத்தனர், அட்டையை நீக்கிவிட்டனர். இன்று நாம் அந்த அட்டையைத் தேடி அலைகிறோம்.

பக்கத்துத் தெரு நெசவாளர் ஒருவர், அட்டைப்படத்துப் பெண்ணின் புடவைக் கரையைக் கட்டத்தாளில் வரைந்துகொள்ள இரண்டு நாள் இரவல் கேட்டார். கசங்கிவிடும் என்று மறுத்தோம். சில திங்கள் கழித்துப் பெட்டியைத் திறந்தால், அக்கரையின் பாதியை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. நாம் ஈயாததைப் பூச்சி கேளாமலே எடுத்துக்கொண்டது! உடனே பூச்சிமருந்து வாங்கப் புறப்பட்டோம். வாயிற்படியில் நின்று எண்ணிப் பார்த்தோம். ஒரு காகிதத்துக்காக உயிர்க்கொலைக்கும் துணிந்தோமே! பொருளின்பால் கொள்ளும் மயக்கமே பரிக்கிரகம் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுவதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று.

அங்ஙனமாயின் சேர்ப்பதே குற்றமா? அன்று. நம் முன்னோர் ஏடுகளைக் காத்திராவிடில் பல நூல்கள் அழிந்திருக்கும். உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியை ஆராய்ந்தபோது கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள் அவருக்குப் பொருள் விளக்கி உதவினர். 1887இல் நூல் வெளிவந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். வாழ்நாளெல்லாம் நூல்களும் இதழ்களும் திரட்டினார். அவர் 1992இல் மறைந்தபின், அத்திரட்டைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஆய்வாளர் பலரும் அதனால் பயன் பெறுகின்றனர்.

எனவே குற்றம் பெட்டியில் இல்லை, பூட்டில் இருக்கிறது. கேட்பவர்க்கு மனமுவந்து தரக்கூடியது சேமிப்பு. தர மனம் வாராதது பற்று. சாத்திர தானத்தைப் போற்றும் நமக்கு இது புதிதன்று.

இப்பொழுது பெட்டியில் வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் இட்டுள்ளோம். எஞ்சிய அட்டையை நாமே அந்நெசவாளரிடம் கொண்டு சென்றோம். கரையின் மறுபாதியை அவரே கற்பனையால் நிரப்பிக்கொண்டார். அன்பர்களே, உங்கள் பரணில் இருப்பது எது? சேமிப்பா, பற்றா?