மெல்ல மறக்கும் காது

ஷீல்டு ரூமின் கதவைச் சாத்தியதும் கைப்பேசியில் சிக்னல் செத்துப்போகிறது. 80 செ.மீ. உயர மரமேசையில் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு, அதன்மேல் தண்ணீர்ப் பாத்திரம். மின்கம்பி வழியே அடுப்பு திருப்பி அனுப்பும் இரைச்சலை அளக்க வேண்டும், 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை.

*

சூட்டைக் குறைத்து வைத்தால் அடுப்பு விட்டு விட்டு வேலை செய்கிறது. சில வினாடி உறுமல், சில வினாடி மௌனம்.

இரைச்சலை அளக்கும் பழைய ரிசீவர் ஒரு நேரத்தில் 9 கிலோஹெர்ட்ஸ் அகலத்தைத்தான் கேட்கும். பிறகு 4.5 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போய் நிற்கும். இப்படி 6,600க்கும் மேற்பட்ட இடங்கள். இடத்துக்கு ஒரு வினாடி என்றாலும் இரண்டு மணி நேரம் நெருங்கிவிடும்.

இரவில் விசில் ஊதிக்கொண்டு போகும் கூர்க்காவின் நினைவு வருகிறது. அவர் மேலத்தெருவில் நிற்கையில் கீழத்தெருவில் நடப்பது அவருக்குத் தெரியாது. அடுப்பு ஓய்ந்திருந்த நேரத்தில் ரிசீவர் கடந்துபோன அலைவரிசைகளெல்லாம் சுத்தம் என்றே தாளில் பதிவாகும்.

*

ரியல்-டைம் ரிசீவர் எல்லாத் தெருவிலும் ஒரே நேரத்தில் நிற்கிறது. வரும் அலையை அப்படியே எண்களாக்கி, துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொரு துண்டையும் ஃபூரியர் கணக்கால் அலைவரிசைகளாகப் பிரிக்கிறது. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. ஒரு துளியும் இடையில் ஒழுகிப்போகாது.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேட்டர் ருஸ்ஸரின் குழு இந்த முறையில் நிறைய உழைத்தது. 2010இல் சிஸ்பர் விதிகளும் இதற்கு இடம் கொடுத்தன.

*

வானொலிக்கு வரும் இடையூறுகளை வரம்புக்குள் வைக்க 1934இல் பாரிஸில் முதன்முதலாகக் கூடிய பன்னாட்டுக் குழுதான் சிஸ்பர். எப்போதாவது கேட்கும் ஒரு ‘டிக்’கைப் பாட்டுக் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். படபடவென்று அடுத்தடுத்து வந்தால் எரிச்சலாகிவிடுவார். அந்த எரிச்சலை அளக்கப் பிறந்ததே குவாசி-பீக் அளவு.

இங்கே அளக்கும் அலைவரிசைகளில் அது 1 மில்லி வினாடிக் கணக்கில் நிரம்பும், 160 மில்லி வினாடிக் கணக்கில் வடியும். சுள்ளென்று உறைக்கும், ஆறுவதற்கு நேரமாகும். முந்தையது ஆறுவதற்குள் அடுத்தது வந்தால் அளவு ஏறும். மனிதர்களோடும் இப்படித்தான் பழகுகிறோம் என்று தோன்றுகிறது.

புதிய ரிசீவரும் இந்த மெல்ல மறக்கும் குணத்தை விடவில்லை. ஆயிரக்கணக்கான அலைவரிசைகளில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, அதே நிதானத்தோடு கணக்குப் போடுகிறது.

*

திரையில் இப்போது எல்லா அலைவரிசைகளும் தெரிகின்றன. ஆனாலும் முடிவை எழுதக் கை போகவில்லை. அடுப்பு மௌனத்தில் இருக்கிறது.

ரிசீவருக்கு எத்தனை வேகம் இருந்தாலும், அடுப்பு ஒரு முழுச் சுற்று ஓடி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும்.