நன்றியும் தகுதியும்

நமக்காக ஒருவன் நன்கு உழைத்திருக்கிறான். அவனினும் வல்லவனாகத் தோன்றும் மற்றொருவன் இன்று வந்து நிற்கிறான். இருவருள் யாரை அப்பணியில் அமர்த்துவது? வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலை அறத்துப்பாலிலும், தெரிந்து வினையாடலைப் பொருட்பாலிலும் வைத்தார். இரண்டும் தனித்தனியே இருக்கும்வரை இடர்ப்பாடில்லை. ஒரே மனிதன்மீது, ஒரே பொழுதில் இரண்டும் வந்து மோதும்போதுதான் அறம் இன்னதென உரைத்தல் அரிதாகிறது.

அத்தகைய மோதலுக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தாட்டத்தில் உண்டு. விளையாட்டுத்தானே என்று அன்பர்கள் ஒதுக்கிவிட வேண்டா. அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசா நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். அதன் ஆட்டக்களத்திலும் ஒரு லட்சம் பேர் அமரலாம். பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது. பதினொருவருள் 'குவார்ட்டர்பேக்' எனப்படுபவனே பந்தை முதலில் பெற்று, எறிவதா, பிறனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று நொடிப்பொழுதில் முடிவு செய்பவன். ஆகவே அந்த இடத்தில் யார் நிற்பது என்பது, அங்குள்ள ரசிகர்கள் காலை உணவின்போதும் மாதா கோயில் வாயிலிலும் ஓயாது வழக்காடும் பொருள்.

2018 ஜனவரி 8ஆம் நாள் அட்லாண்டாவில் தேசிய இறுதியாட்டம். அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ், வயது 19. அதுவரை தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய 27 ஆட்டங்களில் 25இல் வென்றவர். அன்றோ முதற்பாதியில் எட்டு முறை பந்தெறிந்து மூன்று மட்டுமே கைகூடின. கிடைத்தது 21 கஜம். ஜார்ஜியா 13, அலபாமா சுழி. இடைவேளைக்குப்பின் பயிற்சியாளர் நிக் சேபன் ஹர்ட்ஸை அமர்த்திவிட்டு, ஹவாயிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் டூவா டாகோவைலோவாவை இறக்கினார். ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்திற்குச் சென்றது. டூவா முதலில் 16 கஜம் பின்னுக்குத் தள்ளப்பட்டார். அடுத்த எறிதலே 41 கஜம் பாய்ந்து டிவான்டா ஸ்மித் கையில் சேர்ந்தது. 26–23, அலபாமா வென்றது.

அதன்பின் மாதக்கணக்கில் வழக்கு நடந்தது. 'இத்தனை வெற்றி தந்தவரை ஓரங்கட்டுவது நன்றி மறத்தல்' என்றது ஒரு கட்சி. 'வல்லவர் ஆடட்டும், நேற்றைய வெற்றி நேற்றோடு போயிற்று' என்றது மறுகட்சி. பணிமூப்பா, தகுதியா என்னும் வழக்கைக் கோப்புகளில் கண்டு பழகிய நமக்கு இவ்வாதங்கள் புதியவை அல்ல. ஊதியப் பட்டியல் ஒன்றுதான் குறை. அக்காலத்தில் அம்மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டே தவிர ஊதியம் கிடையாது.

இரு கட்சியும் ஒரு பிழையைப் பொதுவாகச் செய்தன என்று நாம் கருதுகிறோம். நன்றியை அந்த இடத்தாலேயே செலுத்த வேண்டும் என்று முதற்கட்சி கொண்டது. அந்த இடம் பறிபோனதால் நன்றியும் தீர்ந்தது என்று மறுகட்சி கொண்டது. ஆனால் அந்த இடம் பயிற்சியாளரின் சொந்தப் பொருளன்று, எடுத்துப் பரிசளிப்பதற்கு. உதவித்தொகை பெறுவோர் மட்டுமே அன்று 85 பேர் வரை இருந்த அணியில், ஒருவருக்குக் காட்டும் தயவுக்கு மற்றையோர் விலை கொடுக்க நேரும். பிறர் பொருளால் கடனடைப்பது ஈகை ஆகுமா? ஹர்ட்ஸுக்கு உரிய கடன் வேறு வகையது: மாற்றத்தை முகத்துக்கு நேரே சொல்லுதல், இகழாதிருத்தல், வென்ற நாட்களை இல்லையென்று சாதிக்காதிருத்தல். வருந்தத்தக்கது யாதெனில், ஒருவரைப் போற்றுவதற்கு மற்றவரைத் தூற்றுவதே வழி என்று ரசிகர்கள் எண்ணுவதுதான்.

முடிவை விளைவால் மட்டும் அளப்பதும் முறையன்று. அன்று டூவாவும் ஒரு பந்தை எதிரணியின் கையில் எறிந்தார். அந்த 41 கஜப் பந்து வழுவியிருந்தால், இன்று சேபனின் துணிவைப் புகழ்வோரே மூடத்தனம் என்றிருப்பர். இடைவேளையில் அவர் அறிந்திருந்தது எதுவோ அதைக் கொண்டே அம்முடிவை எடைபோட வேண்டும்; அவ்வாறு பார்க்கினும் அது தக்க முடிவே.

இனி, விலக்கப்பட்டவரின் கடமை என்ன? அதே 2018இல் கிளெம்சன் அணியில் கெல்லி பிரையன்ட் என்பவரின் இடம் முதலாண்டு மாணவர் டிரெவர் லாரன்ஸுக்குத் தரப்பட்டது. நான்கு ஆட்டங்களுக்கு மேற்படாமல் ஆடியவர் அவ்வாண்டைத் தம் ஆட்டக்காலக் கணக்கில் இழக்கமாட்டார் என்ற புதுவிதி அப்போது வந்திருந்தது. பிரையன்ட் நான்காம் ஆட்டத்தோடு விலகி, பின்னர் மிசௌரி சென்றார். அணியைக் கைவிட்டார் என்று அவரைப் பழிப்பது நேர்மையன்று. தகுதி நோக்கி ஆளை மாற்றும் உரிமை அணிக்கு உண்டெனில், தம் நலம் நோக்கி அணியை மாற்றும் உரிமை ஆளுக்கும் உண்டு. விசுவாசத்தை ஒருபக்கமாக மட்டும் வசூலிக்க இயலாது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

ஹர்ட்ஸோ போகவில்லை. அவ்விதி அவருக்கும் வாயில் திறந்திருந்தது. ஆயினும் அவ்வாண்டு முழுவதும் மாற்றாளாக இருந்தார். 2018 டிசம்பர் 1ஆம் நாள், அதே அட்லாண்டா, அதே களம், அதே ஜார்ஜியா. இறுதிக் கால்பகுதியில் அலபாமா 21–28 என்று பின்தங்கியிருந்தபோது டூவா கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார். ஹர்ட்ஸ் இறங்கினார், எறிந்து சமன் செய்தார், ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் இருக்கையில் தாமே 15 கஜம் ஓடி வெற்றி தந்தார். 35–28. அவர் தங்கியது கடனன்று, கொடை. ஆகவேதான் அதைப் பிறரிடம் கேட்டுப் பெற முடியாது.

அம்மாதமே பட்டம் பெற்று, 2019இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். முந்திய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே அந்த இடத்தில் ஆடிய இருவரும் ஹைஸ்மன் விருது பெற்றவர்கள். அவர்களோடு ஒப்பிட்டு இவரை எடைபோட அங்கும் ஒரு கூட்டம் காத்திருந்தது.