கதை படிக்க நேரம் கிடைத்தவர்கள்

இங்கிலாந்தில் டெவன் பகுதியில் டார்ட்மூர் என்றொரு சிறை. நெப்போலியன் காலத்துப் போர்க் கைதிகளை அடைத்து வைக்கக் கட்டிய கருங்கல் கட்டடம். 2000களின் தொடக்கத்தில் அதற்குள் வித்தியாசமான வேலை ஒன்று ஆரம்பமானது. ஷரன் பெரி என்ற பெண்மணி தொடங்கிய ‘ஸ்டோரிபுக் டாட்ஸ்’ என்ற அமைப்பு, கைதிகளைக் குழந்தைக் கதைகள் படிக்க வைத்து, அதைப் பதிவு செய்து அவரவர் பிள்ளைகளுக்கு அனுப்பியது.

கைதி ஒலிவாங்கி முன் உட்கார்ந்து படப் புத்தகத்தைப் பிரிப்பார். தடுமாறுவார், விட்ட இடத்திலிருந்து மறுபடி படிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, இவர் திருப்பிச் சொல்வார். பிறகு, இதற்கென்றே பயிற்சி பெற்ற வேறு கைதிகள் கணினியில் அந்தப் பதிவைச் சீர் செய்வார்கள். தடுமாற்றங்களை வெட்டுவார்கள், எடுத்துக் கொடுத்தவரின் குரலையும் வெட்டுவார்கள், கதைக்கு வேண்டிய சத்தங்களையும் இசையையும் சேர்ப்பார்கள். குறுந்தகடு வீட்டுக்குப் போகும். பிள்ளை காதில் விழுவது, தட்டுத் தடங்கல் இல்லாமல் கதை படிக்கும் அப்பாவின் குரல். அப்படிப் படிக்க அவருக்கு வராது என்பது உண்மைதான். அதற்காக இதைப் பொய்க் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டிலும் பிள்ளைக்காக மெனக்கெட்ட அப்பாக்களில் ஊரறிந்தவர் ஒரு கைதிதான். 1928 கோடையில் பத்து வயது இந்திரா முசோரியில் இருக்க, கீழே சமவெளியில் இருந்த நேரு, பூமி எப்படி உண்டானது, மனிதன் எப்படிப் பேசக் கற்றான் என்றெல்லாம் கடிதம் எழுதினார். அப்போது அவர் வெளியில்தான் இருந்தார். ஆனால் உலக வரலாறு முழுவதையும் மகளுக்குச் சொல்ல நேரம் கிடைத்தது 1930 அக்டோபரில், நைனி சிறையில். 1933 ஆகஸ்ட் வரை, வெவ்வேறு சிறைகளிலிருந்து அந்தக் கடிதங்களை எழுதினார். கூட்டமும் பயணமுமாக அலைந்த மனிதரை உட்கார வைத்து மகளிடம் பேச வைத்த பெருமையில் வெள்ளைக்காரன் பூட்டிய பூட்டுக்கும் பங்கு உண்டு.

நாமெல்லாம் வெளியில் இருப்பவர்கள். நமக்கு நேரமில்லை.

2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில், வீட்டில் உள்ளவர்களைச் சம்பளமில்லாமல் கவனித்துக்கொள்ளும் வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட ஆண்கள் 14 விழுக்காடு. பெண்கள் 27.6. ஈடுபட்டவர்களை மட்டும் எடுத்தால் ஆணுக்கு நாளொன்றுக்கு 76 நிமிடம், பெண்ணுக்கு 134. குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது எல்லாம் இதில் அடக்கம். கதைப் புத்தகத்துக்கு எவ்வளவு என்று தனியே பார்க்கப் போனால் நமக்குத்தான் சங்கடம். விடியும் முன் லோடு ஏற்றக் கிளம்பி, பிள்ளை தூங்கிய பிறகு திரும்புகிறவரை இதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து பத்து மணி வரை போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறவர் கதை வேறு. படப் புத்தகம் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டப் பத்து நிமிடம் போதும்.

ஆனால் நேரம் மட்டும்தான் தடை என்று எனக்குத் தோன்றவில்லை. நம் வீடுகளில் அப்பா புத்தகத்தைத் தொட்டாலே அது பரீட்சை. அவருக்கும் பிள்ளையின் படிப்புக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் இரண்டு இடத்தில்: ஃபீஸ் கட்டும் கவுண்டர், ரேங்க் கார்டின் கையெழுத்துக் கட்டம். அந்தப் பழக்கத்தோடே மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரிப்பார். குரங்கு மரத்தின் மேல் இருக்கும், முதலை கீழே காத்துக்கொண்டிருக்கும். “இது என்ன?” “குரங்கு.” “இங்கிலீஷ்ல?” “மங்கி.” “ஸ்பெல்லிங் சொல்லு.” முதலை காத்திருந்து காத்திருந்து அலுத்துப் போகும். பிள்ளையும் மடியிலிருந்து இறங்கிவிடும். “இவனுக்குப் படிப்புல கவனமே இல்ல” என்று சமையலறைப் பக்கம் பார்த்து ஒரு புகார் போகும். அம்மா கதை சொல்லும்போது மட்டும் இதே பிள்ளை எப்படி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

வெட்கமும் ஒரு காரணம். கோயில் கமிட்டியில் மைக் பிடித்து அரை மணி நேரம் பேசுகிறவர், தெருச் சண்டையில் நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கத்துகிறவர், முயல் குரலில் ரெண்டு வார்த்தை பேசச் சொன்னால் சுற்றுமுற்றும் பார்க்கிறார். கேட்கப் போவது ஒரே ஒரு ஆள், அதற்கும் மூன்று வயது. இருந்தும் கூச்சம். சான்றோனாக்கும் பொறுப்பைத் தகப்பன் தலையில் வைத்த பொன்முடியாரின் புறநானூற்றுப் பாட்டை மேடைக்கு மேடை முழங்குகிறோம். முழங்குகிறவரும் அந்நேரம் வீட்டில் இல்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வாங்கும் புத்தகமும் பெரும்பாலும் ஆங்கிலம். பிள்ளை எப்படியாவது முன்னுக்கு வந்துவிட வேண்டுமே என்ற தவிப்பு. தனக்கே வாயில் நிற்காத பாஷையில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்குக் கரடியாக உறுமத் தெம்பு ஏது? அதே ஆள் தமிழ்ப் புத்தகத்தை எடுத்தால் நிலைமையே வேறு. அச்சில் ‘நரி கூறியது’ என்று இருக்கும். அவர் வாயில் அது ‘நரி சொல்லுச்சு’ என்றுதான் வரும். அடுத்த பக்கத்தில், புத்தகத்தில் இல்லாத ஒரு வசையும் நரிக்குச் சேர்ந்துகொள்ளும், அவர் ஊர்ப் பேச்சில். பிள்ளை சிரிக்கும். மறுநாள் அதே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரும், அதற்கடுத்த நாளும் அதையே. சலித்துப்போய் ரெண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினால், எழுத்தே தெரியாத பிள்ளை கையைப் பிடித்து நிறுத்தும்: “அப்பா, ஆமை வரல.” அச்சடித்த பக்கத்தில் ஒன்று இருக்கிறது, அது நாள்தோறும் மாறாமல் இருக்கிறது என்ற விஷயம் அதற்குப் பிடிபட்டுவிட்டது. எல்.கே.ஜி.க்குக் கட்டும் பணத்தில் பாதி இதைக் கற்றுக்கொடுக்கத்தான் போகிறது.

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் அப்பாக்களிடம் இந்தப் பேச்சைச் சற்றுத் தயங்கித்தான் எடுக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை விடுப்பில் வருகிறவருக்கு வீடியோ அழைப்புதான் வீடு. “சாப்பிட்டியா, நல்லாப் படிக்கிறியா, அம்மாகிட்டக் குடு” என்பதற்கு மேல் அந்தப் பேச்சு நகர மாட்டேன் என்கிறது. சொல்ல விஷயம் இல்லை என்பதல்ல, இருவருக்கும் பொதுவாக ஒன்றும் கையில் இல்லை. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே கதையை அவர் தங்கும் அறையிலும் இங்கே பிள்ளை பக்கத்திலும் திறந்து வைத்துக்கொள்ளலாம். அங்கே கூட இருப்பவர்கள் சிரிப்பார்களே என்றால், சிரிக்கட்டும். அவர்களுக்கும் ஊரில் பிள்ளைகள் இருக்கும்.

உள்ளூரில் இருப்பவருக்கு இன்னும் சுலபம். மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-இல். எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்தது. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்த்துத்தான் நாம் கட்டுகிறோம். ரசீதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் தனி வரியாகவே தெரியும். கிளை நூலகத்தின் குழந்தைகள் அலமாரி அந்தக் காசில் நிரம்பியது. ஆக, சொந்த வீடு வைத்திருக்கும் ஒவ்வொரு அப்பாவும் கதைப் புத்தகத்துக்கு வருஷம் தவறாமல் பணம் கட்டிவிடுகிறார். புத்தகத்தை எடுத்து வரத்தான் இன்னும் யாரும் போகவில்லை.