வரப்போகிறவருக்கு வாக்கில்லை

கலிபோர்னியாவின் பெர்க்லியில், பீப்பிள்ஸ் பார்க் என்னும் இடத்தில் சுமார் 1,100 மாணவர்களுக்கும் வீடற்றவர்கள் நூற்றுச் சொச்சம் பேருக்கும் குடியிருப்பு கட்டப் பல்கலைக்கழகம் முனைந்தது. எதிர்த்து வழக்காடியவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, குடிவரும் மாணவர்கள் போடப்போகும் கூச்சல். 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் வழக்குக்கு அடிப்படையான சட்டத்தைத் திருத்தியது. 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் கட்டடத்துக்கு வழிவிட்டது.

கேலி செய்வது எளிது. ஆனால் அந்த 1970ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின் காதில் விழுவதெல்லாம் போக்குவரத்து, மாசு, இரைச்சல் போன்றவைதான். வீட்டு விலை இறங்கிவிடும், புதியவர்களைக் கண்டால் அச்சம் என்று அங்கே முறையிட முடியாது. வெளியே சொல்ல முடியாத காரணம், சொல்லக்கூடிய காரணத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறது. இதனால் நிஜமான குறையும் சந்தேகத்துக்கு ஆளாகிறது. 1991இல் ஓக்லாந்து, பெர்க்லி குன்றுகளில் பரவிய தீயில் 25 பேர் மாண்டார்கள். தப்பியோடக் குறுகலான சாலைகளே இருந்தன. அந்தக் குன்றில் மேலும் வீடுகள் வேண்டாம் என்பவருக்கு அதனால் ஆதாயமும் உண்டு என்பதற்காக அவர் சொல்வது பொய்யாகிவிடாது.

ஆதாயம் சிறியதும் அல்ல. 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய சட்டப்படி, வீடு கைமாறாதவரை அதன் வரிமதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. தட்டுப்பாட்டால் சொத்து பெருகும், வரி பெரிதாக ஏறாது. தட்டுப்பாட்டுக்கு வழிவகுக்கும், ஒரு மனைக்கு ஒரு குடும்பம் என்ற விதியை 1916லேயே கொண்டுவந்த ஊர் பெர்க்லி. அவ்விதி இனப் பாகுபாட்டில் வேர்விட்டது என்று 2021இல் நகர மன்றமே ஒப்புக்கொண்டது.

எதிர்ப்பவரின் உள்நோக்கத்தைத் தோண்டுவதைவிட, கட்டுமானத்தை விவாதிக்கும் கூட்டத்துக்கு வர முடியாதவர் யார் என்று கேட்பது பயனுள்ளது. ஸ்டாக்டனிலிருந்தும் டிரேசியிலிருந்தும் மணிக்கணக்கில் காரோட்டி பெர்க்லி அடங்கிய வளைகுடாப் பகுதிக்கு வேலைக்கு வருகிறவருக்கு அந்நகரில் வாக்கில்லை. கட்டாத வீட்டின் குடியிருப்பாளர் மனுப் போட முடியாது.

பீப்பிள்ஸ் பார்க்கை எதிர்த்தவர் எல்லோரும் சொத்துக்காக நின்றவர்களும் அல்லர். 1969இல் அந்தப் பூங்காவுக்கான போராட்டத்தில் காவல்துறை சுட்டு ஓர் இளைஞர் இறந்தார். அந்த நினைவைக் காக்க விரும்பியது அற்பமான ஆசையன்று. ஆனால் அதற்கான செலவை, 1969இல் பிறந்தே இராத, இன்று வாடகை கட்டத் திணறுகிற மாணவர் தலையில் கட்ட அவர்களுக்கு உரிமை உண்டா? இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.