மனத்தை மீட்கும் பயிற்சி

தீய எண்ணம் எழுவதே குற்றமா? எழுந்ததைப் பேணி வளர்ப்பது குற்றமா? இவ்வினாவுக்குத் தவறாக விடை கொண்டவர்கள் வீணே வருந்துகின்றனர். ஸந்நிதியில் கைகூப்பி நிற்கும்போதே, பாகப்பிரிவினையில் தமையன் சொன்ன சுடுசொல் ஒருவர் நெஞ்சில் எழுகின்றது. "இவ்விடத்திலுமா இந்நினைவு! நான் பாவியன்றோ!" என்று அவர் தம்மையே வெறுக்கின்றார். துன்பம் ஒன்றாயிருந்தது இரண்டாகின்றது.

அர்ஜுனனுக்கும் இக்குறை இருந்தது. மனம் காற்றைப் போல் பிடிக்குள் அகப்படாதது என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அவன் முறையிடுகின்றான். கண்ணபிரான் அதனை மறுக்கவில்லை. அடக்குதற்கு அரியதே என்று ஒப்புக்கொண்டு, அப்யாஸம், வைராக்யம் என்னும் இரண்டையும் உபாயமாக அருளுகின்றான். அதற்கு முன்பே, மனம் எங்கெங்கு ஓடுகின்றதோ அங்கங்கிருந்து அதனை மீட்குமாறு பணித்திருக்கின்றான். ஓடும் என்று அறிந்தே மீட்கச் சொன்ன பெருங்கருணை அது.

வலிந்து அடக்குவது பயன் தராது என்பதை அமெரிக்க உளவியலறிஞர் டேனியல் வெக்னரும் அவருடைய குழுவினரும் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது. வெண்கரடியை ஐந்து நிமிடம் நினைக்கலாகாது என்று மாணவர் சிலருக்குச் சொல்லப்பட்டது. நினைவு வரும்போதெல்லாம் மணியடிக்க வேண்டும். மணி ஓயவில்லை. பின்னர் நினைக்கலாம் என்றதும், தொடக்கத்திலேயே நினைக்க விடப்பட்டவர்களைக் காட்டிலும் அடக்கிப் பார்த்தவர்களே மிகுதியாக நினைத்தனர். ஆனால், கரடிக்கு மாற்றாகச் சிவப்பு நிறக் கார் ஒன்றை நினைக்குமாறு சொல்லப்பட்டவர்களிடம் இம்மிகுதி குறைந்தது.

ஆகவே மனத்திற்கு வேண்டுவது பூட்டன்று, பற்றுக்கோடு. திருநாமமோ, பூத்தொடுக்கும் கைத்தொழிலோ, மூச்சின் போக்கோ ஒன்றை அதற்கு அளித்து, விலகும்போதெல்லாம் சினமின்றி அழைத்து வருதலே அப்யாஸம். எழுந்த எண்ணத்தையெல்லாம் உண்மையென்று கொள்ளாது, அதன் பின்னே செல்லாதிருத்தல் வைராக்யத்தின் முதற்படி. கவலைக்குக் காரணமான கடமை ஏதேனும் எஞ்சியிருப்பின், அதனைச் செய்து முடித்தலே மருந்து. சோகம் நெடுநாள் நீங்காதிருப்பின் மருத்துவரை நாடுதலும் இழுக்கன்று.

ஒரு நாழிகையில் பத்துமுறை ஓடிய மனத்தைப் பத்துமுறை மீட்டவன் தோற்றவனல்லன், பத்துமுறை பயின்றவன். எண்ணமே எழாத நிலைக்காகக் காத்திராமல், மீளும் வழியை அறிந்தவனுக்கு இன்பம் இன்றே தொடங்குகின்றது.