ஆக்கித் தரப்பட்ட உலகுக்குள் ஆக்குவோர்

ஏற்கெனவே படைக்கப்பட்ட ஓர் உலகுக்குள் இருந்துகொண்டு, அங்குக் கிடைக்கும் பொருள்களையும் அங்கு நிலவும் விதிகளையும் மட்டுமே கொண்டு புதிதாக ஒன்றை உண்டாக்குபவரைப் படைப்பாளி என்று அழைப்பது தகுமா என்னும் வினா, மெய்யியலிலும் சமயச் சிந்தனையிலும் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. இறைவன் எதுவுமற்ற வெறுமையிலிருந்து உலகைப் படைத்தான் என்று கொள்ளும் கிறித்தவ இறையியல் மரபில் படைத்தல் இறைவன் ஒருவனுக்கே உரிய தொழில் என்பதால், மனிதனின் ஆக்கத்தை அதற்கு ஒரு படி கீழே வைத்துப் பேச வேண்டியிருந்தது; எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1939-இல் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவில், கதை புனைவோர் ஓர் உலகைக் கட்டியெழுப்புவதைத் துணைப்படைப்பு என்று பெயரிட்டு விளக்கியது அத்தகைய முயற்சியே. பிளேட்டோவின் ‘டிமேயஸ்’ உரையாடலில் வரும் தெய்வத் தச்சனோ, முன்பே ஒழுங்கின்றிக் கிடந்த பொருளை ஒழுங்குக்குக் கொண்டுவருபவன். சைவ சித்தாந்தமும் உலகம் சூனியத்திலிருந்து தோன்றியது என்பதை ஏற்பதில்லை; காரியம் தன் காரணத்துக்குள் முன்பே நுண்மையாக அடங்கியிருந்து பின்னர் வெளிப்படுகிறது என்னும் சற்காரியவாதமே அதன் அடிப்படை.

இந்தப் பழைய வினாவை நெருங்கிப் பார்ப்பதற்கு, இணையவழி வியூக விளையாட்டுகளில் ஆட்டக்காரர்கள் தாமே களங்களை வடிவமைத்துப் பிறருக்கு வழங்கும் வழக்கம் அரியதொரு வாய்ப்பைத் தருகிறது. வியூக விளையாட்டு என்பது, வளங்களைத் திரட்டி, கட்டடங்களை எழுப்பி, படைகளை உருவாக்கி எதிராளியை வெல்லும் கணினி விளையாட்டு. அந்தப் போர் நிகழும் நிலப்பரப்பையும் அதற்குரிய தனி விதிகளையும் உள்ளடக்கிய கோப்பையே ஆட்டக்காரர்கள் ‘மேப்’ என்கின்றனர். இக்கட்டுரை அதைக் களம் என்று குறிக்கும். 1998-இல் அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார்கிராஃப்ட்’ விளையாட்டுடன் ‘ஸ்டார்எடிட்’ என்னும் களம் அமைக்கும் கருவியும் சேர்த்தே தரப்பட்டது. அதைக் கொண்டு, 256 கட்ட நீளமும் 256 கட்ட அகலமும் உடைய பரப்பு வரை எவரும் நிலம், நீர், மேடு, பள்ளம் ஆகியவற்றை அமைக்க முடிந்தது. ‘டிரிக்கர்’ எனப்படும் விதிகளையும் எழுத முடிந்தது. இன்ன நிலை ஏற்பட்டால் இன்ன செயல் நிகழ வேண்டும் என்று கட்டளையிடும் எளிய நிபந்தனை வாக்கியங்களே அவை.

கருவி எளியது, அதன் எல்லைகளும் குறுகியவை. எண்ணிக்கையைச் சேமித்து வைக்கும் மாறி என்னும் அடிப்படை வசதிகூட அதில் போதிய அளவு இல்லை. ஆனால் ஒவ்வொரு வகைப் படைவீரனும் எத்தனை முறை இறந்தான் என்பதை விளையாட்டு தானே கணக்கு வைத்திருந்தது. அந்தக் கணக்கைக் கூட்டவும் குறைக்கவும் டிரிக்கருக்கு உரிமை இருந்தது. களத்தில் ஒருபோதும் தோன்றாத ஓர் உயிரியின் இறப்புக் கணக்கை எடுத்துக்கொண்டு, அதையே கடிகாரமாகவும் பணப்பையாகவும் நினைவாகவும் பயன்படுத்தக் களமமைப்போர் கற்றுக்கொண்டனர். விதிகள் ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு ஒருமுறையே சரிபார்க்கப்படும் என்பது மற்றொரு தடை. ‘சுழியம் நேரம் காத்திரு’ என்னும் கட்டளையை ஒரே டிரிக்கருக்குள் 60-க்கும் மேற்பட்ட முறை அடுக்கினால் அந்தச் சரிபார்ப்பு ஒரு விநாடிக்குள்ளேயே பலமுறை நிகழும் என்று கண்டறிந்து அதையும் கடந்தனர். இவ்வாறுதான் போர் விளையாட்டின் உள்ளிருந்தே கோட்டை காக்கும் ஆட்டங்களும், புதிர்களும், தனி நாயகனின் பயணக் கதைகளும் பிறந்தன. இவற்றில் எதுவும் கருவியைச் செய்தவர்கள் வகுத்துத் தந்ததன்று. எனினும் எதுவும் கருவிக்குள் இல்லாத ஒன்றன்று. காரியம் காரணத்துக்குள் அடங்கியிருந்தது என்று சற்காரியவாதம் கூறுவதன் பொருள், புதுமை பொய் என்பதன்று. அடங்கியிருப்பதை வெளிக்கொணர ஓர் அறிவும் ஓர் உழைப்பும் தேவை என்பதே. எதுவுமற்ற நிலையிலிருந்து தொடங்காததால் களமமைப்போரின் தொழில் தாழ்ந்துவிடுவதில்லை என்பதை அந்த இறப்புக் கணக்கு ஒன்றே காட்டிவிடுகிறது.

அவ்வாறாயின் அந்தத் தொழிலின் பயன் யாருக்கு உரியது? சைவ சித்தாந்த நூல்கள் ஒரு பொருள் தோன்றுவதற்கு மூன்று காரணங்களைக் கூறி, குடத்துக்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று விளக்கும். உலகத் தோற்றத்தில் மாயை முதற்காரணமாகவும் சத்தி துணைக்காரணமாகவும் இறைவன் நிமித்த காரணமாகவும் அமைவதாக அவை கொள்ளும். இந்தப் பகுப்பைக் களத்தின்மீது பொருத்தினால், மண்ணையும் திகிரியையும் தந்தது நிறுவனம், வனைந்தவர் ஆட்டக்காரர் என்று விடை எளிதாகவே கிடைப்பதுபோல் தோன்றும். ஆனால் வரலாறு அவ்வளவு எளிதாக அமையவில்லை. ஸ்டார்கிராஃப்டுக்காக உருவான ‘ஏயான் ஆஃப் ஸ்ட்ரைஃப்’ என்னும் களத்தின் அமைப்பைத் தழுவி, 2003-இல் யூல் என்னும் புனைபெயருடையவர் பிளிசார்ட் நிறுவனத்தின் ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டில் ‘டோட்டா’ என்னும் களத்தை அமைத்தார். அதைப் பலர் பலவாறு மாற்றியமைத்தனர். அந்தத் திரிபுகளிலிருந்து சிறந்த நாயகர்களைத் திரட்டி ‘டோட்டா ஆல்ஸ்டார்ஸ்’ உருவாயிற்று. அதனை முதலில் கின்சூ என்பவரும் பின்னர் ஐஸ்ஃபிராக் என்பவரும் வளர்த்தனர். 2009-இல் வெளிவந்த ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’, 2013-இல் வெளிவந்த ‘டோட்டா 2’ ஆகிய இரு பெரும் விளையாட்டுகளும் அந்த ஒரு களத்தின் வழித்தோன்றல்களே. டோட்டா என்னும் பெயருக்காக இரு நிறுவனங்கள் வழக்காடி 2012-இல் உடன்பாட்டுக்கு வந்தன. 2020-இல் வார்கிராஃப்ட் 3 புதுப்பிக்கப்பட்டபோது, ஆட்டக்காரர் அமைக்கும் களங்களின் உரிமை நிறுவனத்தையே சாரும் என்று விதிமுறை எழுதப்பட்டது. வனைந்த கை ஒன்றல்ல பல என்பதும், ஒருவர் வனைந்த குடமே அடுத்தவருக்கு மண்ணாகிவிடுகிறது என்பதும் இதிலிருந்து புலப்படும். ஆக்கத்தை உடைமையாக மட்டுமே கருதும் நோக்கு இந்தத் தொடர்ச்சியைக் காணத் தவறுகிறது. சட்டம் ஓரிடத்தில் கோடு கிழித்தாக வேண்டும் என்பது உண்மையாயினும், அந்தக் கோடு ஆக்கத்தின் இயல்பை விளக்கிவிடாது.

களங்கள் பரவிய முறையும் இதையே உணர்த்துகிறது. ஸ்டார்கிராஃப்ட், வார்கிராஃப்ட் 3 ஆகியவற்றின் பழைய இணைய மன்றத்தில் புதிய களத்தைத் தேடுபவர், திறந்திருக்கும் ஆட்ட அறைகளின் பெயர்ப்பட்டியலைப் பார்த்து, அறிமுகமில்லாத ஒருவர் திறந்த அறைக்குள் நுழைவார். அந்தக் களம் அவரிடம் இல்லையெனில், அறை திறந்தவரின் கணினியிலிருந்து அது தானாகவே அவர் கணினிக்கு இறங்கும். பதிவிறக்க அளவு விழுக்காட்டு எண்ணாக ஏறிக்கொண்டிருக்க, மற்றவர்கள் காத்திருப்பர். பொறுமையிழந்தால் அறை திறந்தவர் அவரை அறையிலிருந்து வெளியேற்றுவதும் உண்டு. ஆட்டம் முடிந்தபின் களம் அவரிடமே தங்கிவிடும். மறுநாள் அவரே அதற்காக அறை திறந்து வேறு சிலருக்கு வழங்கலாம். விளையாடுவதே வழங்குவதாக அமைந்த இந்த ஏற்பாட்டில், ஒரு களத்தின் ஆயுள் அதை அமைத்தவரின் கையில் இல்லை. பெயர் அறியாத யாரேனும் மீண்டும் மீண்டும் அறை திறந்துகொண்டிருக்கும் வரையே அது வாழ்ந்தது. ஆக்கியவருக்குப் புகழ் சேராமலும், பல வேளைகளில் அவர் பெயரே தெரியாமலும் ஆக்கம் மட்டும் கைமாறிச் சென்றது. பயன் கருதாச் செயல் என்று சமய நூல்கள் போற்றுவதற்கு மிக அருகில் இவர்களுள் பலர் இருந்தனர் என்பது மிகைக்கூற்று ஆகாது.

களமமைப்போர் தம் ஆட்டக்காரருக்கு எந்த அறக்கடனைச் செலுத்த வேண்டும் என்பது அடுத்த வினா. போட்டிக்குரிய களங்களில் அதன் முதல் வடிவம் நடுவுநிலைமை. தென்கொரியத் தொலைக்காட்சி லீக் ஆட்டங்களால் ஸ்டார்கிராஃப்ட் தொழில்முறைப் போட்டியாக வளர்ந்தபோது, எந்த மூலையில் தொடங்கினாலும் வாய்ப்பு ஒத்திருக்க வேண்டும் என்னும் கோரிக்கை வலுப்பெற்றது. நான்கு மூலைகளையும் துல்லியமாக ஒரே வடிவில் சுழற்றி அமைத்தால் போதும் என்றே முதலில் தோன்றும். ஆனால் ஆட்டக்காரரின் தளத்துக்கு மேலேயோ இடப்பக்கத்திலோ, வளமாகத் திரட்டப்படும் எரிவாயுவின் ஊற்று இருந்தால் அதைச் சேகரிக்க மூன்று தொழிலாளிகளே போதும் என்னும்போது, கீழேயோ வலப்பக்கத்திலோ இருந்தால் அதே வேகத்துக்கு நான்காவது தொழிலாளி தேவைப்படும். அந்த உலகின் அடிப்படை இயக்கத்திலேயே அத்தகைய சாய்வு இருக்கிறது. இதை உணர்ந்த களமமைப்போர், வடிவ ஒழுங்கைக் குலைத்தேனும், நான்கு தளங்களிலும் ஊற்றைச் சாதகமான திசையிலேயே வைத்தனர். கண்ணுக்குத் தெரியும் சமம் வேறு, வாழ்வோருக்குக் கிடைக்கும் நீதி வேறு என்னும் அறவியல் உண்மை இங்கு அளந்து அறியக்கூடிய ஒன்றாக நிற்கிறது. உலகின் இயல்பான சாய்வை அறியாமல் வரையப்படும் சமம், சாய்வின் பக்கமே நின்றுவிடும்.

நடுவுநிலைமைக்கு அப்பால் மற்றொரு கடன் உண்டு. இறைவன் உயிர்களுக்குத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் வழங்குகிறான் என்பது சைவ சித்தாந்தம். தனு என்பது உடல். கரணம் என்பது மனம் முதலிய உட்கருவிகள். புவனம் என்பது வாழிடம். போகம் என்பது அங்கு நுகரும் அனுபவம். இறைவன் இவற்றை வழங்குவது தன் தேவைக்காகவன்று, உயிர்கள் தம்மைப் பற்றிக்கொண்டிருக்கும் மலம் என்னும் அழுக்கு நீங்கிப் பக்குவம் அடைவதற்காகவே. ஆகவே படைப்பு அருட்செயல் என்று கொள்ளப்படுகிறது. இதனால் துன்பத்துக்கும் ஒரு விளக்கம் கிடைக்கிறது. பக்குவம் தராத உலகமே பயனற்றது, தடையுள்ள உலகமன்று. பெர்னார்ட் சூட்ஸ் என்னும் மெய்யியலறிஞர் 1978-இல் வெளிவந்த தம் நூலில், தேவையற்ற தடைகளை விரும்பி ஏற்றுக் கடக்க முயல்வதே விளையாட்டு என்று வரையறுத்ததும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. நல்ல களம் ஆட்டக்காரரைத் தோற்கடிக்கிறது. ஆனால் ஏன் தோற்றார் என்பதை அவர் அறியும்படி தோற்கடிக்கிறது. கோட்டை காக்கும் களம் ஒன்றில் எதிரிகளின் பத்தாம் அலையில் வீழ்ந்தவர், தாம் கோபுரம் எழுப்பிய இடம் தவறு என்று கண்டு அடுத்த முறை பன்னிரண்டாம் அலை வரை நின்றால், அந்தத் தடை அவருக்காக வைக்கப்பட்டது என்று பொருள். அமைத்தவரின் திறமையைக் காட்டுவதற்காக மட்டும் வைக்கப்பட்ட தடை எவரையும் வளர்ப்பதில்லை.

இந்த ஒப்புமைக்கு எதிராக இரு தடைகளை எழுப்பலாம். ஆட்டக்காரர் விரும்பிய கணத்தில் களத்தைவிட்டு வெளியேறலாம், உயிருக்கு உலகைவிட்டு அவ்வாறு வெளியேற வழியில்லை என்பது ஒன்று. இறைவன் முற்றறிவுடையவன், களமமைப்பவரோ தம் களத்தில் என்ன நிகழும் என்பதைப் பிறர் ஆடக் கண்ட பின்னரே அறிகிறார் என்பது மற்றொன்று. இரண்டும் வலிமையான தடைகளே. அவை ஒப்புமையின் எல்லையைச் சரியாகக் காட்டுகின்றன. எனினும் இறைப்படைப்புக்கும் மனித ஆக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்த பிறகே மனித ஆக்கத்துக்குரிய அறம் தெளிவாகிறது. வெளியேறும் உரிமை பிறருக்கு இருப்பதால், ஆக்குபவர் அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது, அழைக்கவே முடியும். முற்றறிவு இல்லாததால், ஆடிப் பார்த்தவர்களின் சொல்லைக் கேட்டு மீண்டும் மீண்டும் திருத்தியாக வேண்டும். டோட்டா ஆண்டுக்கணக்கில் பதிப்பு மேல் பதிப்பாகத் திருத்தப்பட்டது அந்தப் பணிவின் விளைவு. பணிவு இல்லாத மனித ஆக்கம் இறைவனைப் போல நடிக்கும் ஆக்கமாகவே முடியும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இவ்வாறு ஒரு விடை கிடைக்கிறது. ஆக்கத்தின் பெருமை அது எதிலிருந்து தொடங்கியது என்பதைப் பொறுத்ததன்று. பிறர் தம் அறிவாலும் விருப்பத்தாலும் செயல்படுவதற்கு அது இடம் தருகிறதா, அந்த இடம் நீதியுடையதா, அங்கு நுழைந்தவர் நுழைந்தபோது இருந்ததைவிடத் தெளிவுடையவராக வெளியேறுகிறாரா என்பவையே அளவுகோல்கள். கிடைத்ததைக் கொண்டு பிறருக்கு இடம் அமைத்துத் தருபவர், அந்த இடம் சில மணிநேரமே ஆடப்படும் ஒரு களமாக இருப்பினும், படைப்பாளி என்னும் பெயருக்கு முழுத் தகுதி உடையவர். தாம் பெற்ற உலகுக்குப் பட்ட கடனை, இன்னோர் உலகை வழங்குவதன் வழியாகவே அவர் தீர்க்கிறார்.